புதுக்கோட்டை அருங்காட்சியகம்: காரைக்குடியிலிருந்து ஒரே நாளில் போய்வர, கூட எதைச் சேர்க்கலாம்?

பள்ளத்தூர்ப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற வியாழக்கிழமை ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் குடும்பம் வருகிறது. ஏழாவது படிக்கிற பையன் இருக்கிறான், பள்ளிக்கூடத்தில் ஏதாவது ஒரு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். கீழடி போகலாம் என்று அவன் சொல்கிறான், பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் எதற்கு என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்கிறார், ஆனால் காரைக்குடியிலேயே பிறந்து வளர்ந்த அவரும் அந்த அருங்காட்சியகத்துக்குள் கால் வைத்ததில்லை. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிப்போவோம், அதைத் தாண்டி எங்களுக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பி சாயங்காலம் வீடு திரும்ப வேண்டும். மாமியாரும் வருவேன் என்கிறார், பேரனோடு போகாமல் யாரோடு போவது என்று கேட்கிறார். அவருக்கு முட்டி வலி, பத்துப் படி என்றாலே யோசிப்பார், ஆனால் கோயில் என்றால் மட்டும் எப்படியோ ஏறிவிடுவார். காரில்தான் போகிறோம்.

அருங்காட்சியகத்தில் எவ்வளவு நேரம் ஆகும், பையனுக்குச் சலிக்காமல் இருக்குமா, சுற்று வட்டாரத்தில் வேறு என்ன பார்க்கலாம், அப்படியே வரும் வழியில் ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிற இடத்தையும் காட்ட முடியுமா? நாத்தனார் புது வீட்டுக்குப் பூஜை அறைத் தரை போட ஆசைப்படுகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மஞ்சள்பை:

முதல் காரியமாக அந்த வெள்ளிக்கிழமையை மாற்றுங்கள். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, புதுக்கோட்டையும் அதில் சேர்த்தி. சரி, சனிக்கிழமை போகலாம் என்று நினைத்தால் அது மாதத்தின் இரண்டாவது சனியா என்று காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்கும் பூட்டு. வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்து கேட்டுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இப்போது அருங்காட்சியகம். ஊருக்குள் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தேடாதீர்கள். 1910இல் தொண்டைமான் மன்னர் காலத்தில் ஆரம்பித்தது, 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது இதுவும் அரசாங்கத்துக்கு வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இது ஒரு சின்ன ராஜ்ஜியம் தனக்கென்று சேர்த்து வைத்த இடம், அதனால் எல்லாம் கலந்து கிடக்கும். ஒரு பக்கம் பாடம் பண்ணி வைத்த மிருகங்கள், பறவைகள், இன்னொரு பக்கம் பாறைகள், கனிமங்கள், அதைத் தாண்டினால் ஐம்பொன் சிலைகள், ஓவியங்கள், இசைக் கருவிகள், ஆயுதங்கள், செப்பேடுகள், இந்த வட்டாரத்தில் தோண்டி எடுத்த முதுமக்கள் தாழி. கண்ணாடிப் பெட்டியும் பெயர்ச்சீட்டுமாகப் பழைய மாதிரிதான் இருக்கும், தொடுதிரை, வெளிச்சம் எல்லாம் எதிர்பார்த்துப் போனால் பையன் ஐந்தே நிமிஷத்தில் போனை எடுத்துவிடுவான். அதற்கு ஒரு வழி இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லாமல், தாழியை மட்டும் நன்றாகப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். எவ்வளவு உயரம், வாய் எவ்வளவு அகலம், ஒரு ஆளை எப்படி வைத்திருப்பார்கள், உள்ளே கூடவே சின்னச் சின்ன மண் கலயங்கள் எதற்கு என்று அவனே கேட்க ஆரம்பிப்பான். ஆயுதப் பகுதியில் வளரி, அதாவது எறிந்து தாக்குகிற வளைந்த ஆயுதம், உண்டா என்றும் அங்கே இருக்கும் ஊழியரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மருது சகோதரர்கள் கதை தெரிந்த பையன் என்றால் அதற்கே பாதி நோட்டு நிறைந்துவிடும்.

ஒன்றரை மணி நேரம் போதும். மாமியாருக்கும் சிரமம் இல்லை.

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே திருக்கோகர்ணம் கோயில். மலையைக் குடைந்த கருவறை, கோகர்ணேஸ்வரர், பிரகதாம்பாள். தொண்டைமான்கள் தங்களைப் பிரகதாம்பாள் தாசர் என்றே சொல்லிக்கொண்டவர்கள், அவர்கள் அடித்த அம்மன் காசில் ஒரு பக்கம் இந்த அம்மன், மறு பக்கம் தெலுங்கு எழுத்தில் விஜய என்று இருக்கும். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து ஜனங்களுக்கு இந்தக் காசைத்தான் கொடுப்பார்களாம். உங்கள் மாமியாரை இந்தக் கோயிலுக்கு மட்டும் கட்டாயம் கூட்டிப்போங்கள், ஆனால் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், நாலு மணிக்கு மேல்தான் திறப்பு. அன்றைய பொழுதை எப்படிப் பிரிப்பது என்பதையே இந்த நடை சாத்துகிற நேரம்தான் முடிவு செய்யும், அதை மறந்து திட்டம் போடாதீர்கள்.


முகப்புத்திண்ணை:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். செட்டிநாட்டில் இருந்துகொண்டு அருங்காட்சியகம் தேடிப் புதுக்கோட்டைக்குப் போவானேன்? பள்ளத்தூரிலிருந்து கானாடுகாத்தான் எத்தனை தூரம், நடந்தே போகலாம். முகப்பு, வளவு என்கிற முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று தெருவிலிருந்து பின் தெரு வரை நீளுகிற ஒரு வீட்டுக்குள் அந்தப் பையனை விட்டால் பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் அங்கேயே இருக்கிறது. சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக் கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசினது, வெயில் காலத்திலும் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும். ரங்கூன், சைகோன், கொழும்பு, பினாங்கு என்று போய்க் கடை வைத்து வட்டிக்குக் கொடுத்துச் சம்பாதித்த காசு இந்த வீடுகளாக நிற்கிறது. 1942இல் பர்மாவை விட்டு வந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள், புராஜெக்டுக்கு அவர்களோடு அரை மணி பேசினாலே போதும்.

ராஜா வீட்டை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். 1912இல் கட்டினது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற வேறு வீடுகள் இருக்கின்றன. ஆனால் ஒரு வீட்டில் எங்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும், பேர் வேண்டாம். காசு வாங்கினார்கள், வளவோடு நிறுத்திவிட்டார்கள், மேலே ஏறக்கூடாது, பின்கட்டுக்குப் போகக்கூடாது, கூட வந்தவர் சொன்னதெல்லாம் எந்தெந்தப் படம் இங்கே எடுத்தார்கள் என்பதுதான். என் அப்பத்தா வீடு மாதிரி இருக்கிற ஒரு வீட்டில் நின்றுகொண்டு எந்த ஹீரோ எந்தத் தூணில் சாய்ந்தார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே எதுவரை விடுவீர்கள் என்று வாசலிலேயே கேட்டுவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.


ஏழடிப்பட்டம்:

திண்ணை அண்ணே, வீட்டைப் பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அவர்கள் பள்ளத்தூரிலேயே இருக்கிறார்கள், எந்தச் சாயங்காலமும் பார்க்கலாமே. காரை எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் போகிறார்கள் என்றால் சமணக் குடைவரை ஓவியங்கள் இருக்கிற சித்தன்னவாசலை விட்டுவிட்டு வருவது பெரிய நஷ்டம். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர்தான்.

காலையில் முதலில் அங்கே போங்கள். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறையில் நிற்க முடியாது. அறிவர் கோயில் குடைவரைக்குக் கொஞ்சம் படிதான், கைப்பிடித்து மெதுவாக ஏறினால் உங்கள் மாமியார் வந்துவிடுவார். உள்ளே போனதும் எல்லோரும் செய்கிற தப்பு, சட்டென்று நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றுமே தெரியவில்லையே என்று வெளியே வந்துவிடுவது. வெளி வெளிச்சத்திலிருந்து வந்த கண் பழக நேரம் வேண்டும். கொஞ்சம் நின்று பாருங்கள், மேலே முன்மண்டப விதானத்தில் தாமரைக் குளம் மெதுவாகத் துலங்கும். பச்சை இலை, மொட்டு, விரிந்த பூ, நடுவில் மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். ஒரு ஆள் தாமரைத் தண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பார், அந்த விரல்களை மட்டும் பையனை வரையச் சொல்லுங்கள். இது சமண சாத்திரத்தில் வருகிற சமவசரணம், அதாவது தீர்த்தங்கரர் அறம் சொல்கிற மண்டபம், அதன் தாமரைக் குளம் என்பார்கள். தூணில் இரண்டு ஆடல் மகளிர், ரொம்ப மங்கிவிட்டார்கள், ஆனால் கையின் வளைவு இன்னும் இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் இதைப் புதுப்பித்ததாக வெளியே பாறையில் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன சாயம், அதன் கீழே ஒரு காலத்தில் ஆடு மாடு ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கியிருக்கிறார்கள், இவ்வளவு மிச்சம் இருப்பதே பெரிது.

உள்ளே கருவறையில் நின்று வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று ஒரே சுருதியில் இழுத்துப் பாருங்கள். அறை முழுக்க அதிரும். பையனுக்கு அந்த நாளில் வேறு எது மறந்தாலும் இது மறக்காது.

மலைக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் போனால் ஏழடிப்பட்டம், சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள், தலைமாட்டுக்குக் கல்லிலேயே தலையணை செதுக்கியிருப்பார்கள், ஒன்றின் மேல் தமிழி எழுத்துக் கல்வெட்டு, கிறிஸ்துவுக்கு முந்தியது. ஆனால் அது ஏற்றம். மாமியாரையும் இன்னொருவரையும் கீழே நிழலில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மட்டும் போங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும், மேலே ஒன்றும் கிடைக்காது. குரங்குகள் உண்டு, பையில் தின்பண்டம் தெரியக்கூடாது.


பள்ளத்தூர்ப் பொண்ணு:

வெள்ளி விடுமுறை என்று சொன்னதற்கு ரொம்ப நன்றி, பெரிய உதவி. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டோம், நாத்தனார் வீட்டுக்காரர் திங்கள் லீவு போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். சித்தன்னவாசல் உறுதி, மாமியார் அறிவர் கோயில் என்று கேட்டதும் கோயில்தானே, ஏறுவேன் என்கிறார், உள்ளே விளக்கு, தீபாராதனை எல்லாம் கிடையாது என்று நான் இன்னும் சொல்லவில்லை. கீழடியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, பையன் திரும்பத் திரும்பக் கேட்கிறான். அப்புறம் திருமயம் கோட்டை வழியில்தானே?


மஞ்சள்பை:

கீழடி நல்ல இடம், குறை சொல்ல மாட்டேன். 2023 மார்ச்சில் திறந்தார்கள், கட்டடமே நம்ம செட்டிநாட்டு வீடு மாதிரி வளவு வைத்துக் கட்டியிருக்கிறார்கள், உறைகிணறு, ஆதன் குவிரன் என்று பேர் கீறின பானை ஓடு, விளையாட்டுக் காய்கள் எல்லாம் அழகாக வைத்திருக்கிறார்கள், ஏழாவது படிக்கிற பையனுக்குப் புதுக்கோட்டையைவிட அதுதான் பிடிக்கும். ஆனால் அது மதுரைப் பக்கம், இது திருச்சிப் பக்கம். ஒரே நாளில் இரண்டையும் சேர்த்தால் பையன் ரோட்டைத்தான் பார்ப்பான். அவர்கள் கோயம்புத்தூர் திரும்பும்போது மதுரை வழியாகப் போகலாம், அப்போது இறங்கிப் பார்த்துவிட்டுப் போகட்டும். விடுமுறை நாளை மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அது வேறு துறை, வெள்ளிக்கிழமை கணக்கு அங்கே செல்லாது.

திருமயம் வழியில்தான், காரைக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் ஏறக்குறைய நடுவில். அதைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை 1687இல் சேதுபதி கட்டினது. சாயங்காலம் மேலே ஏறினால் பீரங்கி இருக்கும் மேடையிலிருந்து சுற்றிலும் கண்மாயும் பொட்டலும் தெரியும், காற்று பிய்த்துக்கொண்டு போகும். அதே நேரத்தில் கீழே பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் நடை திறந்திருக்கும். ஒரே பாறையில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைந்திருக்கிறார்கள். பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்தால் உங்கள் மாமியாருக்கு முட்டி வலி ஞாபகமே வராது, அவ்வளவு பெரிய உருவம், சுற்றிலும் பாறையிலேயே தேவர்களும் அசுரர்களும். நீங்கள் கோட்டைக்கு ஏறுங்கள், அவரை அங்கே விட்டுவிடுங்கள். ரோட்டோரத்தில் கோட்டைச் சுவரை ஒட்டிப் பைரவர் இருக்கிறார், அந்த வழியாகப் போகிற வண்டிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள், உங்கள் டிரைவரும் கேட்காமலே நிறுத்துவார். விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் இதுதான், பையன் நோட்டில் ஒரு வரி சேர்ந்துவிடும்.


கொட்டான்கடை:

ஆத்தங்குடியைப் பற்றி நான் சொல்கிறேன், அந்த ஊர்க்காரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தால் வேலை நடக்காது அக்கா, காய வைத்த கல்லைத்தான் பார்ப்பீர்கள். நாத்தனார் தரை போடுவதற்கு என்றால் திங்கள் காலையில் தனியாக வாருங்கள், திருமயத்தோடு சேர்த்து அடைக்காதீர்கள்.

கல் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடித் துண்டைத் தொடைத்து அதன் மேல் இரும்புச் சட்டத்தை வைப்பார்கள், உள்ளே பூ வடிவத்தில் தகர அச்சு. கரண்டியால் கலர் சிமெண்டுக் குழம்பை மொண்டு ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுவார்கள், சிவப்பு ஒரு கட்டம், மஞ்சள் ஒரு கட்டம், ஒரு சொட்டுப் பக்கத்துக் கட்டத்தில் விழாது. அச்சைத் தூக்கினால் கலர் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அதன் மேல் காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவையை வைத்துத் தட்டி மட்டம் பண்ணுவார்கள். மறுநாள் தண்ணீர்த் தொட்டிக்குள் போகும், ஊறிக் காய்ந்த பிறகு கண்ணாடி தானாகக் கழன்றுவிடும். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. அந்த மினுமினுப்பு கண்ணாடியிலிருந்து வருவது. வாங்குகிறவர்களுக்கு ஒன்று, புதுக் கல் கொஞ்ச நாள் மங்கலாக இருக்கிறது என்று பயந்து ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள், கலர் போய்விடும். நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும், அவ்வப்போது தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். அளந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வையுங்கள், பின்னால் ஒன்று உடைந்தால் அதே சாயம் கிடைக்காது. போடுகிற கொத்தனார் பழகினவராக இருக்க வேண்டும், கோயம்புத்தூரில் ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

ஆத்தங்குடி பெரிய வீடும் பக்கத்திலேயே இருக்கிறது, டிக்கெட் உண்டு, திண்ணை அண்ணன் சொன்ன மாதிரி கேட்டுக்கொண்டு போங்கள். கழுத்து வலிக்கிற வரை மேலே பார்க்க வேண்டியிருக்கும்.


முகப்புத்திண்ணை:

தங்கச்சி சொன்னதோடு ஒன்று. திங்கள் காலை வருகிறவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவையும் பார்க்கட்டும், பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். மங்குச் சாமான் (பீங்கான்), எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், மரப்பெட்டி, பித்தளைப் பூட்டு. பார்க்கிறது சரி. ஆனால் முழுத் தூண், நிலைக்கதவு என்று விலை பேச ஆரம்பித்தால் அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். நாற்பது பங்காளிக்கு ஒரு வீடு, யார் கூரை ஓட்டை மாற்றுவது என்று பேசி முடிப்பதற்குள் மழை இறங்கிவிடுகிறது, கடைசியில் கதவு ஒரு ஊர், தூண் ஒரு ஊர் என்று போகிறது. வீட்டுக்காரர்களைக் குறை சொல்லவில்லை, என் வீட்டுக் கதையும் அதுதான். தூக்குச்சட்டி வாங்குங்கள், தூணை விட்டுவிடுங்கள்.


பள்ளத்தூர்ப் பொண்ணு:

அப்படியே செய்கிறோம் அண்ணே. நாத்தனாரிடம் கல் வாங்குகிற விஷயத்தைச் சொன்னேன், கொத்தனார் இருக்கிறாரா என்று இப்போதே விசாரிக்கிறார். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் புதுக்கோட்டையில் எங்கே போவது? மாமியார் சைவம், மற்றவர்கள் எல்லாம் பறப்பது ஊர்வது எதுவும் சாப்பிடுவார்கள்.


மஞ்சள்பை:

மாமியாருக்குக் கீழராஜ வீதிப் பக்கம் சைவ ஓட்டல் கிடைக்கும். மற்றவர்கள் எந்த மெஸ்ஸில் உட்கார்ந்தாலும் முட்டை மாஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், புதுக்கோட்டைக்கு வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரைக்கு மேல் போனால் கறி தீர்ந்துவிடும். அதனால் சித்தன்னவாசலுக்கு ஏழு மணிக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பி, பத்தரை வாக்கில் திருக்கோகர்ணம் கோயில், நடை சாத்துவதற்குள் கும்பிட்டுவிட்டு அருங்காட்சியகம், ஒரு மணிக்குச் சாப்பாடு. அதற்கப்புறம் எங்காவது மரத்தடியில் வண்டியை நிறுத்தி மாமியாரைக் கொஞ்சம் கண்ணயர விடுங்கள், திருமயத்தில் நாலு மணிக்கு முன்னால் போய் ஒன்றும் ஆகப்போவதில்லை.